தகட்டின் மறுபக்கம்: பழைய கார் ஒட்டப் பழகும் தம்பிமாருக்கு

இந்த வேலைக்குப் பழக வரும் தம்பிமார் முதலில் கேட்பது வெல்டிங்கைப் பற்றித்தான். எத்தனை அம்பியர், எந்தக் கம்பி, கையை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் அழகாக ஒட்டிய சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி) இரண்டாம் மாரிக்குள் கொப்பளித்து நிற்பதும், சுமாராக ஒட்டிய சில் இருபது வருசம் அசையாமல் கிடப்பதும் எங்கள் ஊரில் கண்முன்னே நடக்கிற காரியம். வித்தியாசம் தகட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. பெயின்ற் மினுங்குகிற பக்கத்தைச் சொந்தக்காரர் பார்ப்பார், ஊர் பார்க்கும். மறுபக்கத்தைக் கறள் பார்க்கும். இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பக்கத்துக்காக.

இந்தக் கார்களுக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 1990இல் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டபோது, கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த ஒஸ்ரின்களும் மொரிஸ் மைனர்களும்தான். அதே வருசம் தெல்லிப்பழையும் மயிலிட்டியும் பலாலியும் இடம்பெயர்ந்தபோது குடும்பங்களை ஏற்றிச் சென்றவையும் இவையே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் திரும்பத் திறக்கும் வரைக்கும், கொட்டிலில் கிடந்த பழைய கார்களைப் பலர் மறுபடி வெளியில் இழுத்தார்கள். இந்தக் கார்களை இனி எந்தத் தொழிற்சாலையும் புதிதாகச் செய்யப்போவதில்லை. உள்ளதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

1. முதலில் கார் எந்தச் சாதி என்று பாருங்கள். ஒஸ்ரின் ஏ40 டெவனுக்கும் சோமசெற்றுக்கும் அடியில் தனிச் சசி உண்டு. பொடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பொடி ஓரம் கறள் தின்றாலும் சசி நின்றுகொள்ளும். 1948இல் வந்த மொரிஸ் மைனருக்கும், 1951இல் வந்த ஒஸ்ரின் ஏ30க்கும், பிறகு வந்த கேம்பிறிட்ஜ் கார்களுக்கும் அப்படி இல்லை. அவற்றில் பொடிதான் சசி. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, தரைத் தகடு, பின் வில்லுத் தகடு பூட்டுகிற இடம், இவ்வளவும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அங்கே கறள் வந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. சில்லை வெட்ட முன் காரை அதன் ரயர்களிலேயே நிற்கவிட்டு, கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்டி இறுக்கி, கதவு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள்.

2. எங்கள் காற்றை அறிந்துகொள்ளுங்கள். தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து காங்கேசன்துறைக் கடல் சில கிலோமீற்றர்தான். காற்றோடு உப்பு வருகிறது. கடலுப்பு வெறும் சோடியம் குளோரைட் அல்ல; அதற்குள் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. காற்றில் ஈரப்பதன் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், அது தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் மழை இல்லாத கோடையிலும் எங்கள் கார்கள் கறள் பிடிக்கின்றன. கண்ணுக்கு உலர்ந்து தெரிகிற தகட்டின் மேல் உப்பு ஈரமாகவே கிடக்கிறது. இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் கறள். உப்புச் சேர்ந்தால் அதற்கு வேகம்.

இதோடு எங்கள் செம்பாட்டு மண். மட்காட்டுக்குள் போய் அப்பிக்கொண்டால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மொரிஸ் மைனரின் முன் மட்காட்டின் பின்மூலையில், கதவு பிணைச்சல் தூணோடு சேருமிடத்தில், இந்த மண் கட்டியாய் நிற்கும். எந்தக் காரை எடுத்தாலும் முதலில் அந்த இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். மைனரின் மட்காட் போல்ற்றில் பூட்டியது, கழற்றலாம். கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

3. வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், செத்த தகடு மொத்தென்று பேசும். சந்தேகமான இடத்தில் கூரான ஊசியால் குத்துங்கள். கறளைத் தாண்டி, நல்ல தகட்டுக்குள் குறைந்தது ஒரு அங்குலம் போய் வெட்டுங்கள். கறள் தின்று மெலிந்த விளிம்பில் புதுத் தகட்டை ஒட்டினால் ஒட்டும்போதே ஓட்டை விழும். ஓட்டையை நிரப்ப இன்னும் சூடு, சூட்டால் இன்னும் ஓட்டை. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்து ஒட்டுகிற வேலையை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் சிறை வைத்த கறள் புதுத் தகட்டை உள்ளிருந்து தின்னும். அந்தப் பாவம் சொந்தக்காரரின் தலையில் விழும்.

4. புதுத் தகடு கறுப்பாக வந்தால் பிறைமர் அடித்து வந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கப்பலில் வரும்வரை கறள் பிடியாமல் அடித்த பூச்சாக மட்டும் அது இருக்கலாம். தின்னர் தோய்த்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்புத் துணியில் வந்தால் முழுவதையும் உரித்து வெறும் தகட்டிலிருந்து தொடங்குங்கள். வராவிட்டால் அது மின்முறையில் படிய வைத்த நல்ல பூச்சு. மேலால் மட்டும் உரஞ்சிவிட்டு, அதன்மேல் பிறைமர் அடிக்கலாம்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ள்ஸ் வேரோடு சேர்ந்து, 1990களில் எங்கள் இலங்கையிலேயே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள், டியூரபிள் கார் சிலோன் என்ற பெயரில். கையால் தட்டித் தகடு செய்கிற கலை இந்தத் தீவில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. நீங்களும் தட்டிச் செய்யலாம். பொடிக்கு 20 கேஜ், அதாவது கிட்டத்தட்ட 0.9 மில்லிமீற்றர், பாரம் தாங்குகிற இடத்துக்கு 18 கேஜ், 1.2 மில்லிமீற்றர். கூரைத் தகரத்தை வெட்டி ஒட்டுவது தடைக் காலத்து அவசரம், இன்றைக்கு அது வேண்டாம். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டத்தான் வேண்டுமென்றால், ஒட்டுமிடத்தில் துத்தநாகத்தை உரஞ்சி எடுத்துவிட்டு, வெளியில், காற்றோட்டத்தில் ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும்.

5. மூட முன் பூசுங்கள். வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

சில் என்பது ஒரு தகடு அல்ல, பெட்டி. உள்ளே ஒரு தகடு, நடுவில் ஒரு தகடு, வெளியில் ஒரு தகடு. மூன்றையும் ஒட்டி மூடிவிட்டால் உள்ளுக்குள் கை போகாது, தூரிகை போகாது. அதனால் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே பிடித்துப் பார்த்து, அளவு சரி என்று தெரிந்த பிறகு கழற்றி, இரண்டு பக்கமும் சுத்தமாக உரஞ்சி, ஒட்டப்போகிற விளிம்பை மட்டும் ரேப் ஒட்டி மறைத்துவிட்டு, மிச்சம் முழுவதற்கும் எப்பொக்சி பிறைமர் அடியுங்கள். காய்ந்த பிறகு ரேப்பை எடுத்து, அந்த விளிம்புகளுக்குத் துத்தநாகம் கலந்த, மேலாலேயே வெல்டிங் அடிக்கக்கூடிய பிறைமரை மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் வெல்டிங் துப்பும், ஒட்டுக்குள் காற்றுக் குமிழி வரும். தகட்டில் துளை போட்டு நிரப்பி ஒட்டுகிற இடங்களில், துளைக்கு நேரே உள்ள பூச்சை மட்டும் உரஞ்சி வெறும் இரும்பைக் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.

இந்தத் துத்தநாகப் பிறைமர் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று ரின்னில் எழுதியிருப்பதை முழுதாக நம்பிவிடாதீர்கள். துத்தநாகம் 419 பாகையில் உருகும், 907 பாகையில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1500 பாகை அளவு வேண்டும். ஆகவே ஒட்டு விழுகிற இடத்திலும் அதன் அண்டையிலும் துத்தநாகம் பறந்தேவிடும். கொஞ்சம் தள்ளி உள்ளதுதான் மிஞ்சும். எப்பொக்சியும் ஒட்டின் இரண்டு பக்கமும் கருகும். கறள் முதலில் தேடிப் போவது அந்தக் கருகிய கீற்றை. அதை மூட இருப்பது ஒரே ஒரு வழி, கடைசியில் உள்ளே விடுகிற மெழுகு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

6. முடிந்த இடத்தில் விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவது சுலபம். புதிதாகப் பழகுபவருக்கு ஓட்டையும் விழாது. ஆனால் ஏறிக் கிடக்கிற இரண்டு தகட்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய வெடிப்பு தண்ணீரைத் தானாகவே உறிஞ்சும், விடாது. மண்ணெண்ணெய் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிற அதே இழுப்பு. ஏற்றித்தான் ஒட்ட வேண்டிய இடமென்றால், ஓடுகிற தண்ணீர் வெடிப்பின் வாய்க்குள் விழாமல் மேல் தகடு வெளிப்பக்கம் வருமாறு வையுங்கள். பிறகு இரண்டு பக்க வாயையும் சீலர் போட்டு அடையுங்கள்.

ஒட்டும்போது நீளமாக இழுக்க வேண்டாம். பொட்டுப் பொட்டாக, இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஆறவிட்டு ஆறவிட்டு. தகடு வளைந்தால் வளைவை மறைக்கப் பேஸ்ற் அப்புவீர்கள். பேஸ்ற் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

7. சோளகக் காற்றில் மிக் வெல்டிங் அடிக்காதீர்கள். ஆனி, ஆடியில் இங்கே காற்று நிற்காது. பாதுகாப்புக்கு வருகிற காஸைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டு மேலால் நன்றாகத் தெரியும், உள்ளே பஞ்சு மாதிரித் துவாரம். அதை உரஞ்சி மட்டமாக்கும்போது ஊசிமுனை ஓட்டைகள் திறக்கும். பெயின்ற் அவற்றை மூடாது; ஒரு மாரிக்குள் ஒவ்வொன்றும் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும். நாலு பக்கமும் படங்கு கட்டி, காஸைக் கொஞ்சம் கூட்டி அடியுங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. சுண்ணாம்பைக் கரைத்து ஒட்டின் ஒரு பக்கம் பூசிக் காயவிடுங்கள். மறுபக்கத்தில் மண்ணெண்ணெய் தடவுங்கள். தண்ணீர் போகாத துவாரத்தாலும் மண்ணெண்ணெய் ஊரும். வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரப் பொட்டு எங்கே தெரிகிறதோ அங்கே ஓட்டை. கப்பல் கட்டுபவர்களும் எண்ணெய்த் தாங்கி செய்பவர்களும் செய்கிற சோதனை இது. முடிந்ததும் சுண்ணாம்பையும் மண்ணெண்ணெயையும் ஒரு சொட்டும் மிஞ்சாமல் தின்னரால் துடைத்துத் தள்ளுங்கள். எண்ணெய் மிஞ்சிய இடத்தில் பிறைமர் பிடிக்காது. அதனால் மூடிய பெட்டிகளில் இந்தச் சோதனை வேண்டாம், இரண்டு பக்கமும் கை எட்டுகிற தகட்டில் மட்டும்.

8. பழைய பித்தளை ஒட்டைக் கண்டால் நில்லுங்கள். காஸில் பித்தளை வைத்து ஒட்டுவது முந்திய தலைமுறையின் கைவண்ணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரியாகச் செய்திருந்தால் இன்றும் நிற்கிறது. ஆனால் பித்தளையின்மேல் மிக் வெல்டிங் அடித்தால் ஒட்டு வெடிக்கும். பித்தளை பட்ட தகட்டை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். நீங்களே பித்தளை ஒட்டுப் போடுவதானால், வெண்காரம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அதைச் சுடுதண்ணீரும் கம்பித் தூரிகையும் கொண்டு முழுக்கக் கழுவி எடுங்கள். அதன்மேல் பெயின்ற் நில்லாது, அதன் கீழே ஈரம் நிற்கும். பித்தளையும் இரும்பும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் தேய்வது இரும்புதான். அங்கே பிறைமர் இரண்டு கை கூட.

9. கிறைண்டர் பொறியைக் கண்ணாடிக்கும் பெயின்ற்றுக்கும் எட்டாமல் மறையுங்கள். பறக்கிற ஒவ்வொரு பொறியும் எரிகிற இரும்புத் துகள். புதைந்த இடத்தில் கறள் பிடிக்கும்.

10. உரஞ்சிய தகட்டை இரவு தங்க விடாதீர்கள். காலையில் பனி காய்ந்த பிறகு உரஞ்சத் தொடங்குங்கள், பொழுதுபட முன் எப்பொக்சி அடித்து முடியுங்கள். இங்கே வெறும் தகடு ஒரு இரவில் மஞ்சள் பூக்கும். உரஞ்சிய தகட்டை வெறுங்கையால் தொடவும் கூடாது, வியர்வையில் உப்பு. பல கார்களின் பெயின்ற்றுக்குக் கீழே ஐந்து விரல் அடையாளத்தோடு கறள் வருவது அதனால்தான். கையுறை போட்டு, சுத்தமான துணியில் தின்னர் நனைத்து ஒரு திசையில் துடைத்து, இன்னொரு துணியால் உலர்த்துங்கள்.

சிவப்பு ஒக்சைட் பிறைமரை எல்லாரும் அடிக்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் அது தண்ணீரைத் தடுக்காது, நனையும். பிறைமர் அடித்த கார் தானே என்று வேலையை இடையில் விட்டு, மாரியில் முற்றத்தில் நிறுத்தி வைத்தால் கீழே கறள் தொடங்கியிருக்கும். எப்பொக்சி நன்றாகக் கலந்து, ரின்னில் சொன்ன நேரம் பொறுத்து அடித்தால் தண்ணீரை விடாது. அதற்கும் ஒரு பலவீனம், வெயில். மேல் பெயின்ற் இல்லாமல் மாதக்கணக்கில் வெயிலில் நின்றால் மேற்பரப்பு மாவாகும். காசு போதாமல் வேலை நிற்கப்போகிறதென்றால், எப்பொக்சியோடு கொட்டிலுக்குள் நிறுத்துங்கள்.

பொஸ்போரிக் அசிட் போட்டுக் கறள் எடுப்பவர்கள், கழுவி உலர்த்தக்கூடிய தட்டையான தகட்டில் மட்டும் போடுங்கள். அடுக்குத் தகடுகளின் இடைக்குள் போன அசிட் திரும்பி வராது. பிறைமருக்குக் கீழே இருந்து அதையே கிளப்பும்.

11. கற்றலோய் பேஸ்ற் எப்பொக்சிக்கு மேலேதான். வெறும் தகட்டில் பூசுகிற பழக்கம் எங்கள் கராச்சுகளில் இன்னும் போகவில்லை, போக வேண்டும். பேஸ்ற் ஈரத்தை உறிஞ்சும். தகட்டின் மறுபக்கத்தில் ஓர் ஊசி ஓட்டை இருந்தால் போதும், ஈரம் அதனால் வந்து பேஸ்ற்றுக்குள் குடியிருந்துவிடும். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் பூசவேண்டி வந்தால் சுத்தியலை எடுங்கள், தகட்டைத் திரும்பத் தட்டுங்கள்.

12. சீலர் போடுவது எப்பொக்சிக்குப் பிறகு, பெயின்ற்றுக்கு முன். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோனை வாங்கி வராதீர்கள். அதில் சில வகை காயும்போது அசற்றிக் அமிலம் விடும், வினாகிரி மணத்தில் தெரியும். இரும்புக்கு ஆகாது, பெயின்ற்றும் அதன்மேல் பிடிக்காது. கார்ப் பொடிக்கென்று வருகிற சீலரை வாங்குங்கள்.

13. மெழுகு கடைசியில். பெயின்ற் முழுக்கக் காய்ந்த பிறகுதான், ஏனென்றால் மெழுகு பட்ட இடத்தில் பிறகு ஒன்றும் ஒட்டாது, வெல்டிங் அடித்தால் தீப்பிடிக்கும். சில்லின் உள்ளே போக நீளக் குழாயும், முனையில் சுற்றிவரப் பீச்சுகிற வாயும் உள்ள கருவி வேண்டும். கதவு நிலையின் உள்பக்கம், மிதியடி மறைக்கிற இடத்தில் துளை போட்டு, வேலை முடிந்ததும் றப்பர் அடைப்பு வைத்து மூடுங்கள். துளையை மெழுகு விடுகிற நாளில் போடாமல், தகட்டை ஒட்ட முன்னரே போட்டு அதன் விளிம்புக்கும் பிறைமர் அடித்திருந்தால் அது கெட்டித்தனம்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு வரம் உண்டு. சித்திரை வெயிலில் காரை நடுமத்தியானம் வரை நிறுத்தினால் தகடு கை வைக்க முடியாமல் சுடும். அப்போது மெழுகு விட்டால் தண்ணீராய் ஓடி, தகட்டு அடுக்குகளுக்கு நடுவில், நீங்கள் கருக்கிய அந்தக் கீற்று வரை இறங்கும். கீழ்த் துளைகளால் சொட்டத் தொடங்கினால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ஒவ்வொரு துளையாலும் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டாத பகுதிக்கு மெழுகு போகவில்லை, மறுபடி விடுங்கள். சொட்டி முடிந்ததும் ஒவ்வொரு துளையையும் ஒரு கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். மெழுகே துளையை அடைத்துவிட்டால், உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும்.

14. அடிப்பக்கத்துக்குத் தார் பூசாதீர்கள். புதிதில் நன்றாக இருக்கும். காய்ந்து வெடித்ததும் வெடிப்பால் போன தண்ணீர் தாருக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. கீழே தார் பூசி வந்த காரை வாங்கினால் தாரைச் சுரண்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பழைய எஞ்சின் ஒயிலை அடிக்கிற வழக்கத்தையும் விடுங்கள். எரிந்த ஒயிலில் அமிலம் உண்டு, றப்பர் புஷ்களையும் ஊதவைத்துக் கெடுக்கும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. பத்து வருசத்துக்கு முந்திச் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கக் கிணறுகளில் கழிவு ஒயில் கண்டு சனம் குடிதண்ணீருக்குப் பட்ட பாட்டை நீங்கள் சின்னப் பிள்ளைகளாய்ப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். நிலத்தில் சொட்டியது எல்லாம் அதன் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். ஆறு இல்லாத ஊரில் கிணறுதான் எல்லாம். கராச்சில் வடிகிற ஒயிலையும் தின்னரையும் பரலில் சேர்த்து வையுங்கள், நிலத்தில் ஊற்ற வேண்டாம்.

15. காரைக் கொடுக்கும்போது சொந்தக்காரருக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். கரையோரக் கிணற்றுச் சவர்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், நல்ல தண்ணீரில் அல்லது மழைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கீரிமலைக்கோ காங்கேசன்துறைக்கோ போய் வந்தால் மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்துக்கும் மட்காட்டுக்குள்ளும் தண்ணீர் அடிக்க வேண்டும். நனைந்த காரை உடனே படங்கு போட்டு மூட வேண்டாம், காற்றுப் பட விட வேண்டும். தரை விரிப்பைத் தூக்கி மாதம் ஒருக்கால் கீழே பார்க்க வேண்டும்.

புரட்டாதி கடைசியில், மாரி தொடங்க முன், காரை ஒருக்கால் கராச்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சில்லின் கீழ்த் துளைகள், கதவின் அடி, பின் வில்லு பூட்டிய இடம், இந்த மூன்றையும் கம்பியும் விளக்கும் கொண்டு பாருங்கள். றப்பர் அடைப்பைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். விரலில் மெழுகு வந்தால் மூடி அனுப்புங்கள். செந்தூள் வந்தால் அன்றைக்கே காயவைத்து மெழுகு விடுங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள்.